இண்டியானாபொலிஸ் மேயர்கள்: லூகரின் 1969 சட்டம் நகரத்துக்கு வரவா, இழப்பா?

மருதன் எழுதியது:

இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபொலிஸில் 1847இல் சாமுவேல் ஹெண்டர்சன் முதல் மேயரானார். 2023 தேர்தலில் ஜோ ஹாக்செட் மூன்றாம் முறையாக வென்றார். நடுவில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஆனாலும் பேச்சை எடுத்தால் எல்லாரும் ரிச்சர்ட் லூகரிடம்தான் வந்து நிற்கிறார்கள். 1968 முதல் 1975 முடிய எட்டு வருடம் இருந்தவர், நகரத்தையும் கவுண்டியையும் இணைத்த யூனிகவ் சட்டத்தைக் கொண்டுவந்தவர், இன்றைய நகரத்தை உருவாக்கியவர் என்கிறார்கள். இந்தப் புகழ்ச்சி எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி: அங்கே நகர நிர்வாகம் வேறு, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் வேறு. இண்டியானாபொலிஸ் இருப்பது மாரியன் கவுண்டியில். அந்தக் கவுண்டிக்குள் டவுன்ஷிப் எனப்படும் உட்பிரிவுகள் ஒன்பது. நடுவில் சென்டர் டவுன்ஷிப், சுற்றிலும் எட்டு. 1969 மார்ச்சில் ஆளுநர் எட்கர் விட்காம் கையெழுத்திட்டு, 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த யூனிகவ் சட்டம் நகரத்தையும் கவுண்டியையும் சேர்த்துக் கட்டியது. 80 சதுர மைலுக்குச் சற்றே மேலிருந்த நகரம் 360 சதுர மைலைத் தாண்டியது. 1960இல் மக்கள்தொகை 4,76,258, 1970இல் 7,44,624. நாட்டில் 26ஆம் இடத்திலிருந்து 11ஆம் இடம்.

என் முதல் எதிர்ப்பு: மக்களிடம் கேட்கவில்லை. நாஷ்வில் 1962இலும் ஜாக்சன்வில் 1967இலும் இதே மாதிரி இணைப்பைப் பொதுவாக்கெடுப்பில் வைத்து, வென்று, அப்புறம்தான் செய்தன. இங்கே மாநிலச் சட்டமன்றமே தீர்மானித்துவிட்டது.

இரண்டாவது இன்னும் கனமானது. 1960லேயே நகர மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். வெள்ளையர்கள் புறநகருக்குப் போகப் போக அந்தப் பங்கு ஏறிக்கொண்டே வந்தது. எல்லையை விரித்ததும் 1970 கணக்கெடுப்பில் அது 18 சதவிகிதம். ஏற வேண்டிய எண் இறங்கிவிட்டது. 1967இல்தான் கிளீவ்லண்டில் கார்ல் ஸ்டோக்ஸும், அதே இண்டியானாவின் கேரி நகரத்தில் ரிச்சர்ட் ஹாட்சரும் மேயராக வென்றிருந்தார்கள். இண்டியானாபொலிஸுக்கு இன்றுவரை ஒரு கறுப்பின மேயர் வாய்க்கவில்லை. இதையும் கணக்கில் எழுதாமல் லூகரைப் பாராட்ட முடியாது.

சுடர்விழி எழுதியது:

மருதன், 1969க்கு முன்னால் அந்த மேயர் மேசையில் என்ன இருந்தது என்று முதலில் பாருங்கள். மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் 1951லேயே தனிக் கழகமாகப் போய்விட்டன. விமான நிலையம் 1962இல் தனி ஆணையம். மாநாட்டு மையம் போன்றவற்றுக்கு 1965இல் மூலதன மேம்பாட்டு வாரியம் என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி உறுப்பினர்கள். அதற்கு மேல் கவுண்டிக்கு மூன்று கமிஷனர்கள், ஒரு கவுண்டி மன்றம், நகரத்துக்கு ஒன்பது பேர் மன்றம். நகர எல்லையைத் தாண்டும் ஒரு சாலையை அகலப்படுத்த வேண்டுமென்றால் யார் கதவைத் தட்டுவது?

யூனிகவ் செய்த காரியம் இதுதான். நிர்வாகம், பெருநகர வளர்ச்சி, பொதுப்பணி, போக்குவரத்து, பூங்கா, பொதுப் பாதுகாப்பு என்று ஆறு துறைகள், ஒவ்வொன்றுக்கும் மேயர் நியமிக்கும் ஓர் இயக்குநர். கமிஷனர்கள் மூவரின் எஞ்சிய வேலையைக் கவுண்டியின் கருவூலர், தணிக்கையர், சொத்து மதிப்பீட்டாளர் மூவரிடமும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மன்றங்களுக்குப் பதில் 29 பேர் கொண்ட ஒரே நகர-கவுண்டி மன்றம். சாலை, சாக்கடை, திட்டமிடல், காவல் எல்லாம் ஒரே கைக்கு வந்தன.

வாக்கெடுப்பு விஷயம்: நாஷ்வில்லில் அதே யோசனை 1958இல் தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு வருடம் வீணாகி, இரண்டாம் முறைதான் ஜெயித்தது. அதைவிட முக்கியம், இண்டியானாவில் நகர அமைப்பை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிப்பது புதிதல்ல. நகரத்தின் 1891 சாசனமும் அப்படித்தான் வந்தது. யூனிகவ் செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 1971இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது.

வளவன் எழுதியது:

சுடர்விழி அக்கா, ஒரு திருத்தம். 1970இல் காவல் ஒரே கைக்கு வரவில்லை. யூனிகவ் என்ற பெயரைப் பார்த்து எல்லாரும் சறுக்கும் இடம் இது.

'சிறப்புச் சேவை மாவட்டம்' என்று ஓர் ஏற்பாடு. பழைய நகர எல்லைக்குள் நகரக் காவல்துறை, அதற்கு வெளியே கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரிஃப். தீயணைப்பும் அதே மாதிரி: பழைய நகரத்துக்கு நகரத் தீயணைப்புத்துறை, வெளியே டவுன்ஷிப் தீயணைப்பு நிலையங்கள். பழைய நகரத்தில் வீடு வைத்திருப்பவர் நகரக் காவல்துறைக்கென்று தனி சொத்து வரி கட்டினார். ஷெரிஃபுக்கான கவுண்டி வரியிலும் அவர் பங்கு இருந்தது. புறநகர்க்காரர் இரண்டாவதை மட்டும் கட்டினார். ஓய்வூதியச் சுமையும் இந்தப் பக்கம்தான் விழுந்தது. 1977க்கு முன் சேர்ந்த காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் முன்கூட்டிச் சேர்த்த நிதி கிடையாது. அந்தந்த ஆண்டு வரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பழைய சுமையை மாநிலம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது 2009இல்தான்.

நகரக் காவல்துறையும் ஷெரிஃபின் ரோந்துப் பிரிவும் இணைந்தது 2007இல், பார்ட் பீட்டர்சன் மேயராக இருந்தபோது. அப்போதும் புதிய துறையின் தலைமை ஷெரிஃபிடம் போனது. 2008 தொடக்கத்தில் கிரெக் பாலர்ட் வந்ததும்தான் மன்றத்தின் வாக்கோடு மேயரிடம் வந்தது. ஆக, காவல்துறை நகர் முழுக்க மேயரின் கைக்கு வர யூனிகவுக்குப் பின் 38 வருடம் ஆனது.

பொருநை எழுதியது:

நீங்கள் மூவரும் 1969ஐ ஆரம்பமாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். மேயர் பதவிக்கு முதுகெலும்பு கொடுத்தது 1891 சாசனம். அதற்கு முன் நகரத்தை நடத்தியது மன்றமும் அதன் குழுக்களும்தான். 1891க்குப் பின் பொதுப்பணி வாரியம், பொதுப் பாதுகாப்பு வாரியம் இரண்டுக்கும் ஆட்களை மேயர் நியமித்தார். தாமஸ் டேகர்ட் 1895 முதல் 1901 வரை மூன்று தவணை இருந்தார், அயர்லாந்தில் பிறந்தவர், ஜனநாயகக் கட்சி. வைட் ஆற்றங்கரையில் பூங்காவுக்கென்று ஏறத்தாழ 900 ஏக்கர் வாங்கியது அவர் காலத்தில்தான். ஊருக்கு வெளியே எதற்கு இவ்வளவு காடு என்று கேட்டார்கள். அந்த ரிவர்சைடு நிலம் இல்லாமல் 1909இல் ஜார்ஜ் கெஸ்லர் போட்ட பூங்கா-சாலைத் திட்டத்துக்கு ஆதாரமே இருந்திருக்காது.

ஆனால் தலைநகரத்து மேயர் எவ்வளவு பலம் பெற்றாலும் மாநில அரசு பக்கத்துத் தெருவில் உட்கார்ந்திருக்கிறது. 1913ஐப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம். மேயர் லூ ஷாங்க். டிராம்களில் ஏறிக் காவல் காக்கச் சொன்னபோது காவலர்களில் ஒரு பகுதியினர் மறுத்துவிட்டார்கள். தன் காவல்துறையே கைவிட்ட மேயர். ஆளுநர் சாமுவேல் ரால்ஸ்டன் தேசியக் காவல்படையை இறக்கினார். நவம்பர் முடிவதற்குள் ஷாங்க் பதவி விலகினார். (1921 தேர்தலில் அதே ஷாங்கை மக்கள் மறுபடி மேயராக்கினார்கள்.)

அடுத்தது இதைவிடக் கசப்பு. 1925 நவம்பரில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் ஆதரவோடு ஜான் டுவால் வென்றார். அதே மாதம் இண்டியானா கிளான் தலைவன் டி. சி. ஸ்டீபன்சன் ஓர் இளம்பெண்ணின் சாவுக்காகக் கொலைக் குற்றவாளியானான். ஆளுநர் எட் ஜாக்சன் மன்னிப்புக் கொடுத்துக் காப்பாற்றுவார் என்று நம்பியிருந்தான், கிடைக்கவில்லை. அப்புறம் யார் யாருக்கு என்ன கொடுத்தான் என்பதை வெளியே விட ஆரம்பித்தான். 1927இல் டுவால் தண்டிக்கப்பட்டார்: ஆதரவுக்கும் பணத்துக்கும் ஈடாக நகரப் பதவிகளைத் தருவதாக வாக்குக் கொடுத்த குற்றம். 30 நாள் சிறை, 1,000 டாலர் அபராதம். அந்த ஊழலைத் தோண்டி எடுத்த 'இண்டியானாபொலிஸ் டைம்ஸ்' நாளிதழ் 1928இல் புலிட்சர் பரிசு பெற்றது.

இப்போது கவனியுங்கள். 1927இல் அந்த அருவருப்பில் நகர மக்கள் வாக்கெடுப்பில் பெருவாரியாக ஒரு முடிவெடுத்தார்கள்: கட்சி மேயர் வேண்டாம், சம்பளத்துக்கு அமர்த்தும் நகர மேலாளர் வேண்டும். 1929இல் மாநில உச்ச நீதிமன்றம் அதற்கான சட்டமே செல்லாது என்றது. மருதன், நீங்கள் கேட்கும் பொதுவாக்கெடுப்பு அந்த நகரத்தில் நடந்தது, வென்றது, குப்பைக்குப் போனது. யூனிகவுக்கு வாக்கெடுப்பு வைத்திருந்தாலும் கடைசிச் சொல் மாநிலத்திடம்தான்.

மருதன் எழுதியது:

பொருநை, 1927ஐ எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் துணை. மக்கள் தீர்ப்பை மாநிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது என்பதால் அடுத்த முறை மக்களைக் கேட்கவே வேண்டாம் என்று ஆகாது.

1969இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுபோனவர்கள் எப்படித் தேர்வானார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அப்போது மாரியன் கவுண்டிக்கு 8 மேலவை உறுப்பினர்கள், 15 கீழவை உறுப்பினர்கள். தனித்தனித் தொகுதி கிடையாது. முழுக் கவுண்டியும் ஒரே தொகுதி. ஒரு கட்சி கொஞ்சம் முந்தினால் எல்லா இடமும் அந்தக் கட்சிக்கே. சென்டர் டவுன்ஷிப்பின் கறுப்பினக் குடியிருப்புகள் எப்படி வாக்களித்தாலும் அதற்கென்று ஓர் உறுப்பினர் வர வழியில்லை. இதை எதிர்த்துத்தான் விட்காம் எதிர் சாவிஸ் என்ற வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் நீதிமன்றம் அந்த முறையை அரசியல் சட்ட மீறல் என்று ஏற்கவில்லை. வழக்கில் தோற்றதால் அநியாயம் நியாயமாகிவிடாது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நகரத்தை ஒன்றாக்கிய சட்டம் பள்ளி நிர்வாகங்களைத் தொடவே இல்லை. நகரப் பள்ளி நிர்வாகம் ஒன்று, டவுன்ஷிப்களுடையது எட்டு, கவுண்டிக்குள்ளேயே இருக்கும் சிற்றூர்களான ஸ்பீட்வேயும் பீச் குரோவும் தனித்தனி. மொத்தம் 11. முன்பெல்லாம் நகர எல்லை விரிந்தால் பள்ளி எல்லையும் கூடவே விரியும். 1961 சட்டம் அந்தக் கண்ணியைத் தளர்த்தியது, 1969 சட்டம் அறுத்தே விட்டது. நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை நடக்கிறது என்ற மத்திய அரசின் வழக்கு 1968லேயே தொடங்கிவிட்டது என்பதை மறக்கக் கூடாது. கூட்டாட்சி நீதிபதி ஹியூ டில்லின் 1971இல் நகரப் பள்ளி நிர்வாகம் குற்றம் செய்தது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் முடிந்து 1981இல் பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஒரே திசையில்தான் ஓடின: நகரத்துக் கறுப்பினக் குழந்தைகள் ஆறு டவுன்ஷிப் பள்ளிகளுக்குப் போனார்கள். அங்கிருந்து யாரும் இங்கே வரவில்லை. 1998 உடன்பாட்டின்படி படிப்படியாகக் குறைத்து 2016இல்தான் முடிந்தது. ஆறு வயதுக் குழந்தை விடியலில் எழுந்து பேருந்துக்கு நின்றதற்கும் 1969க்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. டவுன்ஷிப்களுக்குப் பேருந்து விடச் சொன்ன டில்லினின் உத்தரவுக்கு 1969 சட்டம் ஒரு முக்கிய அடிப்படை.

சுடர்விழி எழுதியது:

பள்ளி விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. லூகரே மேயராவதற்கு முன் பள்ளி வாரியத்தில் இருந்தவர். அந்தச் சிக்கல் அவருக்குத் தெரியாததல்ல. பள்ளியைச் சேர்த்திருந்தால் மசோதா அன்றே செத்திருக்கும் என்பதுதான் அவர் தரப்பு. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் விலை கொடுத்தது குழந்தைகள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வளவன் திருத்தியதையும் ஏற்றுக்கொள்கிறேன். காவலைச் சேர்த்து எழுதியது தவறு.

ஆனால் மன்றத்தைப் பற்றி நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். யூனிகவ் மன்றத்தின் 29 இடங்களில் 25 தனித் தொகுதிகள், 4 மட்டும் பொது இடங்கள். சட்டமன்றத் தேர்தலில் நீங்கள் குறை சொன்ன அந்த 'மொத்தமும் ஒரே தொகுதி' முறையை நகர மன்றத்தில் பெரும்பாலும் ஒழித்தது இதே சட்டம். சென்டர் டவுன்ஷிப்புக்கு உறுதியான இடங்கள் கிடைத்தன. மேயர் பதவியில் வாக்கு நீர்த்தது, மன்றத்தில் கெட்டிப்பட்டது. இரண்டையும் எழுதுங்கள்.

கட்சி ஆதாயம் பற்றியும் பேசலாம். கவுண்டியின் குடியரசுக் கட்சித் தலைவர் கீத் பியூலனுக்குக் கணக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. லூகர், வில்லியம் ஹட்நட், ஸ்டீபன் கோல்ட்ஸ்மித் என்று 1999 கடைசி வரை அவர்கள் கட்சியே மேயர். 32 வருடம். ஆனால் 1999 தேர்தலில் பீட்டர்சன் வென்றார், 2003இல் மன்றமும் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. 2016 முதல் அதே கட்சியின் ஹாக்செட். எந்தக் கோட்டைக்காக எல்லையை விரித்தார்களோ அந்த எல்லைக்குள் இப்போது மறுகட்சி ஆள்கிறது.

மருதன் எழுதியது:

மறுகட்சி ஆளத் தொடங்கியதும் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். 2013இல் மாநிலச் சட்டமன்றம் அந்த 4 பொது இடங்களை ஒழித்தது, 2016 முதல் மன்றம் 25 பேர். கவுண்டி முழுக்க வாக்களித்தால் அந்த நான்கும் ஜனநாயகக் கட்சிக்கே போகும் என்ற நிலை வந்தபின்தான் பொது இடங்கள் தேவையில்லை என்று தோன்றியிருக்கிறது. மாநிலம் எழுதிய சட்டத்தை மாநிலமே அழித்து எழுதும். பொருநை சொன்ன 'பக்கத்துத் தெரு' இதுதான்.

பொருநை எழுதியது:

பக்கத்துத் தெருவுக்கு இன்னொரு சாட்சி. 2014இல் பொதுப் போக்குவரத்துக்காகக் கவுண்டிகள் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று மாநிலம் சட்டம் போட்டது. கூடவே இலகு ரயில் கட்டக் கூடாது என்று தடையும் போட்டது. 2016 நவம்பரில் மாரியன் கவுண்டி வாக்காளர்கள் நூறு டாலர் வருமானத்துக்கு 25 சென்ட் வரிக்கு ஒப்புக்கொண்டார்கள். பணம் மக்களுடையது, வாக்கு மக்களுடையது, ஆனால் தண்டவாளம் வேண்டுமா என்று கேட்கவே முடியாது. ரெட் லைன் என்ற புதிய வழித்தடம் 2019 செப்டம்பரில் பேருந்தாகத்தான் ஓடத் தொடங்கியது. ஒரு நகரத்தின் தெருவில் எந்த வண்டி ஓடலாம் என்பதையும் மாநிலம் சொல்கிறது. இதற்கு லூகரைக் குறை சொல்வதா?

சுடர்விழி எழுதியது:

யூனிகவ் இல்லாமல் ஹட்நட் இல்லை என்பேன். பிரஸ்பிட்டேரியன் போதகராக இருந்தவர், 1976 முதல் 1991 முடிய 16 வருடம், நான்கு தவணை. நகரத்தில் தேசிய லீக்கில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியே இல்லாதபோது 1982இல் ஹூசியர் டோம் மைதானத்தைக் கட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 77.5 மில்லியன் டாலர். லில்லி அறக்கட்டளை 25 மில்லியன், கிரானர்ட் அறக்கட்டளை 5 மில்லியன். மீதிக்குக் கடன் பத்திரம், அதை அடைக்க மாரியன் கவுண்டி முழுக்க உணவகச் சாப்பாட்டுக்கு 1 சதவிகித வரி. 'கவுண்டி முழுக்க' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 80 சதுர மைலுக்குள் மட்டும் அந்த வரியைப் போட்டிருந்தால் சாப்பிடுபவர்கள் எல்லைக்கு அப்பால் போயிருப்பார்கள், கடன் கொடுப்பவர்களும் யோசித்திருப்பார்கள். 1984 மார்ச் 28 இரவில் பால்டிமோரிலிருந்து மேஃபிளவர் நிறுவனத்தின் லாரிகள் கோல்ட்ஸ் அணியின் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது இங்கே கூரையோடு மைதானம் ஏறத்தாழ தயாராக இருந்தது.

மருதன் எழுதியது:

தயாராக இருந்தது. 2008இல் இடித்தும் ஆயிற்று. 24 வருடம். அதே ஆண்டு திறந்த லூகாஸ் ஆயில் மைதானத்துக்கு 700 மில்லியன் டாலருக்கு மேல். சாப்பாட்டு வரி 2 சதவிகிதம் ஆனது. அப்போது மாரியன் கவுண்டி மட்டும் தாங்க முடியாது என்று அண்டைக் கவுண்டிகள் பலவற்றையும் 1 சதவிகித வரி போட வைத்தார்கள். கட்டுமானப் பொறுப்பு மேயரிடம் இல்லை, மாநிலம் உருவாக்கிய ஆணையத்திடம். அதாவது 1969இல் கவுண்டி எல்லை போதும் என்று போட்ட கணக்கு 2005இல் போதவில்லை.

வளவன் எழுதியது:

மைதானம் கண்ணுக்குத் தெரிவதால் அதையே பேசுகிறோம். மேயர்களை எடைபோட வேண்டுமென்றால் சாக்கடையைப் பாருங்கள் என்பேன்.

பழைய நகரத்தின் குழாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே ஓடின. கால் அங்குல மழை பெய்தாலே குழாய் நிரம்பி, கழிவு அப்படியே வைட் ஆற்றிலும் ஃபால் கிரீக்கிலும் வழியும். நூறு வருடத்துக்கு முன் போட்ட வடிவமைப்பு அது; நிரம்பினால் வீடுகளுக்குள் ஏறாமல் ஆற்றுக்குப் போகட்டும் என்றுதான் வழிந்தோடும் வாய்களை வைத்தார்கள். 2006இல் மத்திய அரசோடு நீதிமன்ற உடன்பாடு: இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். தீர்வு, தரைக்குக் கீழே 200 அடிக்கும் ஆழத்தில், 18 அடி விட்டத்தில், 28 மைல் நீளச் சுரங்கம். மழை நேரத்தில் தேக்கி, மழை விட்டதும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இறைக்கும். மொத்தச் செலவு 2 பில்லியன் டாலர் அளவில்.

இப்போது மேயர்களின் வரிசை. சுத்திகரிப்பு நிலையங்கள் இரண்டையும் கோல்ட்ஸ்மித் 1994இல் தனியார் நிர்வாகத்துக்குக் கொடுத்தார். பீட்டர்சன் 2002இல் குடிநீர் நிறுவனத்தை நகரத்துக்காக விலைக்கு வாங்கினார். பாலர்ட் 2011இல் குடிநீர், சாக்கடை இரண்டையும் சிட்டிசன்ஸ் எனர்ஜிக்கு மாற்றிவிட்டார். அது தனியார் கம்பெனி அல்ல, பொது அறக்கட்டளை. எரிவாயு விநியோகத்துக்காக 1887இல் தொடங்கியதன் வாரிசு. கைமாற்றத்தில் நகரத்துக்கு வந்த சில நூறு மில்லியன் டாலர் சாலைக்கும் நடைபாதைக்கும் பாலத்துக்கும் போனது. இதைத் திறமை என்பவர்களும் உண்டு, தண்ணீர்க் கட்டணத்தை அடகு வைத்துத் தார் போட்டது என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். சாலைக்கு ஆகும் செலவு வரியாக வந்தால் வசதிக்கேற்ப விழும். தண்ணீர்க் கட்டணமாக வந்தால் ஏழை வீட்டிலும் அதே விகிதத்தில் விழும்.

சுடர்விழி எழுதியது:

வளவன், பாலர்டுக்கு வேறு வழி இருந்ததா? 2007ஐ நினைத்துப் பாருங்கள். சொத்து மதிப்பீட்டைச் சந்தை விலைக்கு ஏற்ப மாற்றினார்கள், கடைகளின் சரக்கிருப்பு மீதான வரி போனது, சுமை வீடுகள் மீது இறங்கியது. பல வீடுகளுக்கு வரிச்சீட்டு எகிறியது. அதே கோடையில் காவலுக்கும் ஓய்வூதியத்துக்கும் என்று உள்ளூர் வருமான வரியை 1 சதவிகிதத்திலிருந்து 1.65 சதவிகிதமாக்கினார்கள். கடற்படைக் காலாட்படையில் லெஃப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வுபெற்ற, முன்பு எந்தப் பதவியும் வகிக்காத பாலர்ட், கையில் பணம் குறைவாக வைத்துக்கொண்டு, எளிதில் ஜெயிப்பார் என்று எல்லாரும் நினைத்த பீட்டர்சனைத் தோற்கடித்தார். அடுத்த வருடமே மாநிலம் சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டது: குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 1 சதவிகிதம், வாடகை வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் 2, வணிகச் சொத்துக்கு 3. 2010இல் அது மாநில அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. வரியைக் கூட்ட முடியாது, சாலை உடைகிறது. சொத்தை மாற்றிக் காசாக்காமல் என்ன செய்வார்?

அவரையும் எல்லாவற்றிலும் ஆதரிக்கவில்லை. பார்க்கிங் மீட்டர்களை 50 வருடத்துக்குக் குத்தகைக்கு விட்டது நீண்ட காலம். ஆனால் சிகாகோ 75 வருடத்துக்கு விட்டு 1.15 பில்லியனை முன்பணமாகவே வாங்கிச் செலவழித்தது. இங்கே முன்பணம் 20 மில்லியன் மட்டும், மீதி ஆண்டுதோறும் வருமானப் பங்காக வருகிறது. பின்னால் வரும் மேயருக்கும் ஏதோ மிச்சம் வைத்தார்.

வளவன் எழுதியது:

சாலைப் பணம் ஏன் பற்றவில்லை என்பதற்கு உச்சவரம்பு மட்டும் காரணமல்ல. மாநிலம் பெட்ரோல் வரியைப் பிரித்துத் தந்த சூத்திரம் நெடுங்காலம் சாலையின் நீளத்தைத்தான் எண்ணியது, எத்தனை தடங்கள் என்று எண்ணவில்லை. ஆறு தடமுள்ள ஒரு மைல் நகரச் சாலைக்கும் இரண்டு தடமுள்ள ஒரு மைல் கிராமச் சாலைக்கும் ஒரே கணக்கு. ஆறு தடத்தில் தினமும் வந்து போவது யார்? வடக்கே ஹாமில்டன் கவுண்டியில், கார்மெலிலும் ஃபிஷர்ஸிலும் இருப்பவர்கள். 2020இல் ஹாமில்டனில் 3,47,467 பேர். இண்டியானாவில் உள்ளூர் வருமான வரி வேலை செய்யும் கவுண்டிக்குப் போகாது, வசிக்கும் கவுண்டிக்குத்தான் போகும். நகர நடுவில் சம்பாதித்துக் கார்மெலில் வரி கட்டலாம். போதாததற்கு மாநில அரசுக் கட்டடங்கள், பல்கலைக்கழகம், தேவாலயங்கள் எதற்கும் சொத்து வரி கிடையாது. தலைநகரமாக இருப்பதற்கு நகரம் கொடுக்கும் வாடகை இது.

மருதன் எழுதியது:

இங்கேதான் நான் கேட்க வந்த கேள்வி. ஸ்பீட்வே, லாரன்ஸ், பீச் குரோவ், சவுத்போர்ட் நான்கும் யூனிகவில் சேராமல் தனியாக நின்றன. லாரன்ஸுக்குத் தனி மேயர் இருக்கிறார். ஆனால் லாரன்ஸ்காரர் இண்டியானாபொலிஸ் மேயருக்கும் வாக்களிக்கிறார். சென்டர் டவுன்ஷிப்காரருக்கு லாரன்ஸ் மேயர் தேர்தலில் வாக்கு உண்டா? இல்லை. இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

சுடர்விழி எழுதியது:

இண்டியானாபொலிஸ் மேயர் கவுண்டியின் நிர்வாகத் தலைவரும்கூட. கவுண்டி வரவு செலவில் லாரன்ஸின் பணமும் இருக்கிறது, அதனால் வாக்கும் இருக்கிறது. அதில் எனக்குக் குழப்பமில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி கார்மெலைப் பற்றியது. லூகர் 1969இல் செய்யாமல் விட்டிருந்தால் கவுண்டி எல்லையில் இன்று நிற்கும் அதே சுவர் சென்டர் டவுன்ஷிப்பைச் சுற்றி நின்றிருக்கும். வாஷிங்டன், பைக், பெர்ரி டவுன்ஷிப்கள் எல்லாம் இன்னொரு கார்மெலாக ஆகியிருக்கும். சுரங்கத்துக்கான 2 பில்லியனைப் பழைய 80 சதுர மைல் மட்டும் கட்டியிருக்க வேண்டும்.

மருதன் எழுதியது:

சுரங்கத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். சாக்கடைக்கும் சாலைக்கும் 1969 எல்லை உதவியது. பள்ளிக்கும் மேயர் வாக்குக்கும் அதே எல்லை தீங்கு செய்தது. முன்னதற்காக லூகருக்கு மாலை போடுங்கள், தடுக்க மாட்டேன். 1981 முதல் 2016 வரை ஓடிய பேருந்துகளையும் அவர் பெயரின் கீழேயே எழுதுங்கள்.

பொருநை எழுதியது:

எழுதும்போது 1961 சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மருதன். அது வந்தபோது மேயர் சார்லஸ் பாஸ்வெல், ஜனநாயகக் கட்சி. லூகர் அப்போது பள்ளி வாரியத்தில்கூட இல்லை. பள்ளி எல்லையைப் பிரித்தது ஒரு கட்சியின் வேலையோ ஒரு மேயரின் வேலையோ அல்ல. அந்தச் சட்டமும் யூனிகவ் போலவே மாநிலச் சட்டமன்றத்தில் எழுதப்பட்டதுதான்.